நாட்செஸ் போனால் மாளிகைகளை இரண்டாவதாகப் பாருங்கள்

வசந்தம் வந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களின் பக்கங்களில் நாட்செஸ் படங்கள் வர ஆரம்பித்துவிடும். வெள்ளைத் தூண்கள், அசேலியாப் பூக்கள், கூண்டு வைத்த பாவாடையில் வாசலில் நின்று வரவேற்கும் அம்மணிகள், பள்ளத்தில் மிசிசிப்பி ஆறு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்பதால் நிறையப் பேர் போகிறார்கள். போகட்டும். எனக்கும் பிடித்த ஊர்தான். ஆனால் நாம் பார்க்கிற வரிசை தப்பு என்பது என் கட்சி. முதலில் மாளிகை, நேரம் மிஞ்சினால் மற்றது என்று போகிறோம். தலைகீழாகப் போக வேண்டும்.

மிசிசிப்பி மாநிலத்தில், ஆற்றுக்கு மேலே ஏறக்குறைய 200 அடி உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் இது. 2020 கணக்கெடுப்பின்படி 14,520 பேர். 1960களில் இருபதாயிரத்துக்கு மேல் இருந்தார்கள். டயர் தொழிற்சாலை போயிற்று, காகித ஆலையும் போயிற்று. இன்று ஊருக்கு மிஞ்சிய முக்கியமான மூலதனம் பழைய வீடுகள்தான்.

அந்த வீடுகளைக் காட்டிக் காசு பார்க்கத் தொடங்கிய கதையே தனி. 1931இல் மாநிலத் தோட்டச் சங்கங்களின் கூட்டம் இங்கே நடந்தது. வந்தவர்களுக்குத் தோட்டங்களைக் காட்டுவதாக ஏற்பாடு. கடைசி நேரத்தில் உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகிவிட்டது. சரி, வீட்டையாவது காட்டுவோம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். வந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அடுத்த ஆண்டே அதை 'பில்கிரிமேஜ்', அதாவது யாத்திரை, என்று பெயர் வைத்து, டிக்கெட் போட்டு நடத்தினார்கள். பெருமந்தக் காலம், கூரையைச் சரிசெய்யக்கூடப் பணமில்லாத குடும்பங்கள். பணம் வரத் தொடங்கியதும் யாருக்கு எவ்வளவு என்று சண்டை வந்து, 1930களிலேயே சங்கம் இரண்டாக உடைந்தது, விவகாரம் கோர்ட் வரை போனது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தோட்டச் சங்கப் பெண்களுக்கு உரிய பெயரைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அவர்கள் இல்லாவிட்டால் அந்த வீடுகளில் பாதி இன்று இருக்காது. ஆனால் வீட்டோடு சேர்த்து ஒரு கதையையும் விற்றார்கள். பஞ்சு விளைந்தது, விருந்து நடந்தது, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்கிற கதை. வருஷா வருஷம் நடந்த அவர்களுடைய மேடை நிகழ்ச்சியில், அடிமை முறையைக் காக்க உள்நாட்டுப் போரில் இறங்கிய தென்மாநிலங்களின் படைக்கொடி பறந்தது. ஊரில் பாதிக்கு மேல் இருக்கும் கறுப்பினத்தவருக்கு அந்தக் கதையில் கிடைத்தது வேலைக்காரர் வேஷம்.

இப்போது வரிசைக்கு வருகிறேன். ஊர் மையத்திலிருந்து கிழக்கே ஒரு மைல் போனால் சாலைகள் பிரிகிற இடம் ஒன்று வரும். 'ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட்' என்பார்கள். 'டீப் சவுத்' என்கிற தென்கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இங்கேதான் நடந்தது. வர்ஜீனியா பக்கத்திலிருந்து சங்கிலியில் பிணைத்து, மாதக் கணக்கில் நடத்தியே கூட்டி வந்து, இங்கே உடை மாற்றி நிறுத்தி விற்றார்கள். சந்தை ஊருக்கு வெளியே இருந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1833இல், காலராவில் செத்துப்போன அடிமைகளின் உடல்களை ஒரு வியாபாரி ரகசியமாகப் புதைத்தது வெளியே தெரிந்து ஊர் கொதித்தது. உடனே நகர எல்லைக்குள் வெளியூர் வியாபாரிகள் அடிமைகளை விற்கக்கூடாது என்று தடை போட்டார்கள். விற்பதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை, நோய் ஊருக்குள் வரக்கூடாது என்பதுதான். வியாபாரிகள் எல்லையைத் தாண்டி ஒரு எட்டு வைத்தார்கள், வியாபாரம் 1863 வரை ஓடியது.

இன்று அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? புல்தரை, சில தகவல் பலகைகள், கான்கிரீட்டில் பதித்த விலங்குகளும் சங்கிலிகளும். பக்கத்திலேயே கார்கள் போய்க்கொண்டிருக்கும். பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும் இடம். ஒன்றுமே இல்லாமல் போனதற்குக் காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது: உள்நாட்டுப் போரில் 1863இல் வடக்குப் படை நாட்செஸைப் பிடித்ததும், அதில் சேர்ந்திருந்த கறுப்பினச் சிப்பாய்கள், அவர்களில் பலர் நேற்று வரை அடிமைகள், அந்தக் கொட்டகைகளைப் பிரித்து, அந்த மரத்தைத் தங்கள் குடியிருப்புக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அதை நினைவுச் சின்னமாக வைத்திருக்க வேண்டும் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் விளைவு என்ன என்றால், விற்றவர்களும் வாங்கியவர்களும் கட்டியது நிற்கிறது, விற்கப்பட்ட இடம் நிற்கவில்லை. டூரிஸ்ட் நிற்பதைத்தான் படம் எடுப்பான். உள்ளூர்க் கறுப்பின மக்கள் சிலர் பல வருஷம் விடாமல் மல்லுக்கட்டியதால்தான் 2021இல் அந்த நிலம் தேசியப் பூங்காத் துறையின் கைக்குப் போனது.

அங்கே பத்து நிமிஷம் நின்றுவிட்டு, பிறகு மாளிகைக்குப் போங்கள். கண் வேறு மாதிரி வேலை செய்யும். 1840களில் மெக்மரன் என்ற வழக்கறிஞர் கட்டிய மெல்ரோஸ் வீட்டில் சாப்பாட்டு மேசைக்கு மேலே பெரிய மரப் பலகை ஒன்று தொங்குகிறது. பங்கா! வெள்ளைக்காரன் காலத்தில் நம் ஊர்க் கச்சேரிகளிலும் கலெக்டர் பங்களாக்களிலும் ஆள் வைத்து இழுத்தார்களே, அதே சாமான். இங்கே கயிற்றை இழுத்தது அடிமைச் சிறுவர்கள். மேசையில் பேசிய அத்தனையும், யாரை விற்கலாம் என்பது உட்பட, அந்தக் காதுகளில் விழுந்திருக்கும். லாங்வுட் மாளிகை இன்னும் விசேஷம். எண்கோண வடிவம், உச்சியில் குமிழ்க் கோபுரம், 32 அறைகள் திட்டம். 1861இல் உள்நாட்டுப் போர் வந்ததும் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்த தச்சர்கள் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். முடிந்தது கீழ்த்தளத்தின் ஒன்பது அறைகள்தான், அதையும் முடித்தது அடிமைகளின் கை. மேல் தளங்கள் இன்றும் வெறும் செங்கல்லும் சட்டமுமாக நிற்கின்றன. பூச்சு இல்லாததால் உழைப்பு தெரிகிறது.

"லீவுக்குப் போகிற இடத்தில் எதற்கு இந்த அழுகை?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அழுகை மட்டும் இல்லை ஐயா. ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1809இல் அடிமையாகப் பிறந்து, 1820இல் விடுதலையாகி, ஊரின் பெரிய நாவிதராக வளர்ந்தவர். வெள்ளைக்காரக் கனவான்களுக்கு முகம் மழித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதினார், 1835இலிருந்து 1851 வரை. குதிரைப் பந்தயம், கடன், தெருச் சண்டை, யார் யாரை அடித்தார்கள் என்று ஊர் வம்பு முழுக்க அதில் இருக்கிறது. அவரும் அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் இருக்கிறது. நல்லவன் கெட்டவன் என்று பிரிக்க முடியாமல் தவிப்பீர்கள். நில எல்லைத் தகராறில் 1851இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவர், சுட்டவன் தன்னை வெள்ளையன் என்று சொல்லிக்கொண்டான். வெள்ளையனுக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்ல முடியாது என்பதால் ஆள் தப்பித்துவிட்டான்.

அமெரிக்க செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவல்ஸ், 1870இல் இந்த ஊரிலிருந்துதான் போனார். டன்லீத் மாளிகையில் அடிமைச் சிறுவனாக வேலை பார்த்த ஜான் ராய் லிஞ்ச், 1873இல் பிரதிநிதிகள் சபை உறுப்பினர். டன்லீத் இப்போது தங்கும் விடுதி, கல்யாணமெல்லாம் நடக்கிறது. அங்கே அறை எடுப்பவர்கள் லிஞ்சைத் தேடிப் படித்துவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் பழங்கதை, எதற்குக் கிளற வேண்டும் என்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. இதே ஊரில் 1967இல், டயர் தொழிற்சாலையில் அதுவரை வெள்ளையருக்கு மட்டும் இருந்த வேலைக்குப் பதவி உயர்வு பெற்றதற்காக வார்லெஸ்ட் ஜாக்சன் என்ற கறுப்பினத் தொழிலாளியை வண்டியில் குண்டு வைத்துக் கொன்றார்கள். யாருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அந்த நாளை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் நடக்கிறார்கள். வழிகாட்டி ஒருவர் 'அடிமைகள்' என்பதற்குப் பதில் 'பணியாளர்கள்' என்று மென்று விழுங்கினால், அது பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற பொய். சில வீடுகளில் இப்போது ஒழுங்காகவே சொல்கிறார்கள், வாழ்ந்த அடிமைகளின் பெயரையும் சேர்த்து. அதனால் கூட்டம் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. வேறு வீடுகளில் வெள்ளிக் கரண்டியைத் தாண்டி வரவே மாட்டார்கள். அங்கே கையைத் தூக்கிக் கேளுங்கள், "சமைத்தது யார்? எங்கே படுத்தார்கள்?" காசு கொடுத்துத்தானே உள்ளே போயிருக்கிறோம்.

அரை நாள்தான் இருக்கிறது என்றால் ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட், ஜான்சன் வீடு, லாங்வுட், இந்த வரிசை. இன்னும் ஒரு மணி நேரம் கிடைத்தால் ரிதம் கிளப் அருங்காட்சியகம். 1940 ஏப்ரல் 23 அன்று நடன நிகழ்ச்சியில், அலங்காரத்துக்குத் தொங்கவிட்ட காய்ந்த பாசியில் தீப்பிடித்து 209 பேர் இறந்த இடம். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள், வெளியேற ஒரே வாசல். ஊரின் கறுப்பினக் குடும்பங்களில் அந்தச் சாவு தொடாத வீடு அபூர்வம். அதை அருங்காட்சியகமாக்கியது உள்ளூர்த் தம்பதி ஒருவர். சின்ன இடம், எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.