‘பத்தே நிமிஷம்’ என்று சொல்லி லினக்ஸ் போட வைக்காதீர்கள்

2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்ததிலிருந்து எங்கே பார்த்தாலும் ஒரே அறிவுரை: “லினக்ஸ் மின்ட் போடு, பத்தே நிமிஷம்.” விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஆபரேட்டிங் சிஸ்டம்தான் லினக்ஸ், மின்ட் அதில் ஒரு வகை. லினக்ஸ் அருமையான சிஸ்டம். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை, அதனால்தான் இவ்வளவு வயிறு எரிகிறது. அறிவுரை சொல்கிறவர்களே, பாதியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். மாட்டிக்கொண்டவர் வந்து கேட்டால் “முதல்ல படிச்சுட்டு வா” என்கிறீர்கள். முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது நீங்கள்தானே?

பழைய லேப்டாப்புக்குச் சொன்ன அதே வசனத்தைப் புது லேப்டாப்காரருக்கும் சொல்கிறீர்கள். புது மாடல் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே நுழைந்தாலே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகி, கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்ளும். வாங்கியவருக்கே அது தெரியாது. நீங்கள் சொன்னீர்கள் என்று அவர் விண்டோஸுக்கு முன்னால் எழும் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குப் போய், அங்கீகாரமில்லாத சாஃப்ட்வேர் பூட் ஆவதைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைப்பார். அடுத்து விண்டோஸைத் திறந்தால் அந்த என்கிரிப்ஷனைப் பார்த்துக்கொள்ளும் பிட்லாக்கர் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டு நிற்கும். கீ இருப்பது அந்த மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள். கணக்குக்குள் நுழைய வழியில்லை என்றால் குழந்தையின் போட்டோ முதல் கடைக் கணக்கு வரை எல்லாம் போச்சு. பயாஸைத் தொடும் முன் கீயைக் காகிதத்தில் எழுதி வை, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி (சஸ்பெண்ட்) வை, முக்கிய ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடு. இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா?

அடுத்த கொடுமை, இன்ஸ்டாலரில் டிஸ்க்கே காட்டாது. இன்டெல் ஆர்எஸ்டி என்ற ஸ்டோரேஜ் சாஃப்ட்வேர் போட்டு வரும் மெஷின்களில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் பல டிஸ்க்கை ஒன்றாக நடத்தும் ரெய்டு மோடில் இருக்கும், என்விஎம்இ வகை எஸ்எஸ்டி டிஸ்க் அதற்குப் பின்னால் மறைந்துகொள்ளும். “ஏஹெச்சிஐ-க்கு மாத்து” என்று ஒற்றை வரியில், அது டிஸ்க்கை நேரடியாகக் காட்டும் சாதாரண மோடு என்றுகூடச் சொல்லாமல், பதில் போடுகிறீர்களே, அப்படியே மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது என்பதை யார் சொல்வது? பூட் ஆகும்போது ஏஹெச்சிஐ டிரைவரை ஏற்ற வேண்டும் என்று விண்டோஸுக்குத் தெரியாது, நீலத் திரைதான் வரும். முறை இதுதான்: விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, பூட் டேபில் சேஃப் பூட்டை டிக் செய்து ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். விண்டோஸ் எழும் முன்பே பயாஸுக்குள் போய் ஏஹெச்சிஐ-க்கு மாற்ற வேண்டும். சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்து தேவையான டிரைவரைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட். சேஃப் மோடில் பின் நம்பர் எடுக்காமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்ட் கையில் இருக்கட்டும்.

இரண்டையும் ஒரே மெஷினில் வைத்திருக்கும்போது, லினக்ஸில் விண்டோஸின் டி டிரைவ் திறக்கிறது, எதையும் சேவ் செய்ய முடியவில்லை என்றால் டிஸ்க் கெட்டுப்போகவில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருப்பதால் விண்டோஸ் முழுசாக அணைவதே இல்லை. பவர் ஆப்ஷன்ஸில் அதை அணைத்துவிட்டு ஒருமுறை ஷட் டவுன் செய்தால் சரியாகிவிடும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போய் நிற்பதும் பழுதில்லை. லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதை நம்மூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது.

என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர் கதை இன்னும் மோசம். செக்யூர் பூட் இருக்கும்போது போட்டால் பல நேரம் ஒரு பாஸ்வேர்ட் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வந்து பத்து நொடிதான் காத்திருக்கும். அதற்குள் ஒரு கீயை அழுத்தி, மெனுவில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால் டிரைவர் ஏறாது.

பிரின்டரைப் பற்றி யாராவது கேட்கிறீர்களா? நம் ஊர்க் கடைகளில் பாதி கேனன் எல்பிபி 2900, மீதி ஹெச்பி 1020. கேனனுக்கு கேப்ட் என்ற தனி டிரைவர் வேண்டும், அதை ஓட வைப்பதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஹெச்பி 1020 ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் தன்னை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் ஏற்றிக்கொள்ளும். அதற்கு லினக்ஸில் ஹெச்பி பிரின்டர்களை ஓட்டும் ஹெச்பிலிப்பின் பிளக்இன் வேண்டும், அதுவும் ஹெச்பிலிப் வெர்ஷனோடு பொருந்த வேண்டும். டிஸ்ட்ரோவை, அதாவது மின்ட் போன்ற லினக்ஸ் வகையை, அப்கிரேட் செய்ததும் பிரின்ட் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எனக்கு ஆறவே ஆறாதது தமிழ் டைப்பிங். கீபோர்டு லேஅவுட் பட்டியலில் தமிழ்99-ன் இன்னொரு பெயரான தமிழ்நெட் 99 என்று வரிசையாக நிற்கும். அதில் டேப், டிஸ்கி என்று இருப்பவை யூனிகோடுக்கு முந்தைய குறியீடுகள், இன்று அவற்றை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. சரியானதைத் தேர்ந்தெடுத்தாலும் அங்கே ஒரு விசைக்கு ஓர் எழுத்துதான். ‘க’வை இருமுறை தட்டினால் ‘க்க’ வராது, ‘கக’தான் வரும். பல வருஷமாகத் தமிழ்99-ல் விரல் பழகியவர் “லினக்ஸ்ல தமிழ் சரியா வரல” என்று அன்றே விண்டோஸுக்குத் திரும்பிவிடுகிறார். ஐபஸ்-எம்17என் என்ற டைப்பிங் பேக்கேஜைப் போட்டு, லாக்அவுட் செய்து திரும்ப உள்ளே வந்து, இன்புட் சோர்ஸில் எம்17என் என்று குறித்திருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்தால் புள்ளி தானாக விழும். இதைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேரை இழந்துகொண்டிருக்கிறோம்!