சாவிக்கொத்தை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

வலிப்பை நிறுத்துவதாக நினைத்து, வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிக்கும் பழக்கத்தைச் சாடி ஒரு கட்டுரை படித்தேன். அது படிக்காதவர்களின் வேலை என்கிறது அந்தக் கட்டுரை. எங்கள் பெரியப்பா வீட்டில் பட்டதாரிகளே அதைத்தான் செய்தார்கள். அண்ணனுக்கு வலிப்பு வந்தால், இறுகிய விரல்களைப் பிரித்துச் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் என்னவோ இரும்புக்கு! உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம்.

மருந்தே இல்லாத காலமும் இல்லை அது. பீனோபார்பிட்டால் வலிப்புக்குக் கேட்கும் என்று 1912இலேயே ஜெர்மனியில் கண்டுவிட்டார்கள். 1938இல் பினைட்டாயினும் வந்தது. அண்ணனும் மாத்திரை சாப்பிட்டார்தான், ஆனால் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்து. பெண் கொடுக்க வருபவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாதே!

அந்தப் பயம் வீண் என்று சொல்லவும் முடியாது. திரும்பத் திரும்ப வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று 1976இல் திருத்திய இந்து திருமணச் சட்டமே சொன்னது. 1999இல்தான் அதை நீக்கினார்கள். பாட்டிமார்களைத் திட்டும் கட்டுரை இதை ஏன் விட்டுவிட்டது?

அப்புறம், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.