என்வ் ஃபைலில் போட்டால் கீ மறையாது

பிரவுசரில் ஓடும் ஆப்பில் ஏபிஐ கீயை (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் அனுமதிக் குறியீடு) எப்படி மறைப்பது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். அதற்கு மேலே ஒருவர், "ஏபிஐ கீயை என்வ் ஃபைலில் வைத்து, கிட்இக்னோரில் சேர்த்துவிட்டால் யாருமே பார்க்க முடியாது" என்கிறார். பாதிதான் சரி. என்வ் ஃபைல் என்பது கீ போன்ற அமைப்பு மதிப்புகளைத் தனியாக எழுதிவைக்கும் ஃபைல். கிட்இக்னோர் என்ற விலக்குப் பட்டியல், அந்த ஃபைல் ரெப்போவுக்குள் (கோடைச் சேமித்துப் பகிரும் இடம்) போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். ஆனால் பில்ட் ஓடும்போது (கோடைத் தளத்துக்கான ஃபைல்களாக மாற்றும்போது) வீட் (Vite) என்ற கருவி என்ன செய்கிறது என்றால், VITE_ என்ற முன்னொட்டோடு தொடங்கும் மாறிகளைக் கோடில் பயன்படுத்திய இடத்திலெல்லாம் அவற்றின் மதிப்பை அப்படியே பதித்துவிடுகிறது, அந்த ஜேஎஸ் ஃபைல்தான் தளத்தைத் திறக்கும் ஒவ்வொருவரின் பிரவுசருக்கும் போகிறது. கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற இன்னொரு கருவியிலும் இதே கதைதான், முன்னொட்டு மட்டும் வேறு.

சந்தேகமா? பில்ட் செய்து, டிஸ்ட் ஃபோல்டரில் அசெட்ஸுக்குள் இருக்கும் ஜேஎஸ் ஃபைலைத் திறந்து, உங்கள் கீயின் முதல் நாலு எழுத்தைத் தேடிப் பாருங்கள். தரமணியில் நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எஸ்எம்எஸ் கீ இப்படித்தான் மாட்டியது. டெஸ்டிங் பையன் எஃப்12 அழுத்தி, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் காட்டியபோது எல்லாரும் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தோம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: ரகசியக் கீ சர்வரிலேயே இருக்கட்டும், பிரவுசர் உங்கள் பேக்எண்டைக் (சர்வரில் ஓடும் கோடு) கூப்பிடட்டும், அது வெளி ஏபிஐயைக் கூப்பிடும். கூகுள் மேப்ஸ் கீ மாதிரி சில, பிரவுசரில் தெரிவதற்கென்றே தரப்படுபவை, அவற்றுக்கு டொமைன் கட்டுப்பாடு (உங்கள் தளத்திலிருந்து மட்டும் வேலை செய்யும்படி) போட்டால் சரி. அப்புறம், ஏற்கனவே டெப்ளாய் செய்து தளத்தை வெளியிட்டுவிட்டீர்கள் என்றால் ஃபைலிலிருந்து அழிப்பதில் பயனில்லை, முதலில் பழைய கீயை ரத்து செய்துவிட்டுப் புதிது எடுங்கள்.