மத்தேயு 6:7 திரும்பச் சொல்லும் ஜெபத்தைத் தடுக்கிறதா?

மனப்பாட ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை மத்தேயு 6:7 தடுக்கிறது, அதனால் ஜெபமாலையும் பரமண்டல ஜெபமும் வீண் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். அன்போடு சொல்கிறேன், அந்த வசனம் அப்படிச் சொல்லவில்லை.

பழைய மொழிபெயர்ப்பில் அங்கே இருப்பது ‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’. காரணமும் அடுத்தே வருகிறது: நிறையப் பேசினால்தான் கேட்கப்படும் என்ற எண்ணம். இரண்டு வசனம் தள்ளி, 9-ல், இயேசுவே ஒரு ஜெபத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்; அதுதான் பரமண்டல ஜெபம். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் அவரே மூன்றாம் முறையும் ‘அந்த வார்த்தைகளையே சொல்லி’ ஜெபித்தார் (மத்தேயு 26:44). சங்கீதம் 136-ஐப் புரட்டுங்கள். 26 வசனமும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடிகிறது.

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஒரே சொந்தத்துக்குள்ளேயே சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) கத்தோலிக்கமும் உண்டு. இரண்டு வீட்டு வேதாகமத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் அதே இடத்தில் ‘பிதற்ற வேண்டாம்’ என்றிருக்கும். சங்கீதம் அங்கே திருப்பாடல்.

ராத்திரி குடும்ப ஜெபத்தில் வாய் ஓடிக்கொண்டிருக்க, மனசு அடுப்பில் கிடப்பதுதான் கெடுதல். பரமண்டல ஜெபத்தில் ‘உம்முடைய சித்தம்’ என்ற இடத்தில் ஒரு மூச்சு நிறுத்திச் சொல்லிப் பாருங்கள்.