ட்ரம்ப்பின் வாயைப் பார்க்கிறோம், கையெழுத்தைப் பார்ப்பதில்லை

ட்ரம்ப் என்று பேச்செடுத்தால் நம் முகநூலில் இரண்டே கட்சிதான். ஒரு கட்சிக்கு அவர் கோமாளி. மறு கட்சிக்கு "மனசுல பட்டதை மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆம்பளை". கமெண்டில் அடிதடி நடக்கும், நாலு பேர் பிளாக் ஆவார்கள். அடுத்த வாரம் வேறு ட்வீட், மறுபடி அதே சண்டை. இரண்டு தரப்பும் பேசுவது அவருடைய வாயைப் பற்றி மட்டும்தான். ஒரு அமெரிக்க அதிபரின் வெளியுறவுக் கொள்கையில் வாய் எவ்வளவு, காகிதம் எவ்வளவு என்று பார்க்க ஈரான் விவகாரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2018 ஜூலை 22. ஈரான் அதிபர் ரூஹானிக்கு முழுக்கப் பெரிய எழுத்தில் ஒரு மிரட்டல் ட்வீட் போட்டார் ட்ரம்ப். போர் வருமா, பைத்தியமா, ராஜதந்திரமா என்று எல்லா டிவியிலும் அதே பேச்சு. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 6 அன்று, அவர் கையெழுத்திட்ட, 13846 என்ற எண் கொண்ட நிர்வாக உத்தரவு வந்தது. அதில் வசவு இல்லை, மிரட்டல் இல்லை, வக்கீல் நோட்டீஸ் மாதிரி வறண்ட மொழி. மறுநாளே டாலர் நோட்டு, தங்கம், கார் உற்பத்தி எனத் தடைகள் அமலுக்கு வந்தன. நவம்பர் 5 முதல் எண்ணெய், துறைமுகம், கப்பல், காப்பீடு, மத்திய வங்கி. எட்டு கோடிப் பேர் வாழும் ஒரு நாட்டின் கழுத்தைப் பிடித்தது இந்த உத்தரவு. இதைப் பற்றி நம்மூரில் எத்தனை பேர் பதிவு போட்டார்கள்?

"ஒப்பந்தத்தைக் கிழித்துப் போட்டார்" என்கிறோம். ஈரான் தன் அணுத் திட்டத்துக்குக் கட்டுப்பாடு போட்டுக்கொள்ளும், பதிலுக்குத் தடைகள் தளரும் என்று ஒபாமா காலத்தில் அமெரிக்காவும் மற்ற வல்லரசுகளும் ஈரானோடு செய்துகொண்ட 2015 அணு ஒப்பந்தம்தான் அது. நடந்தது அவ்வளவு சினிமாத்தனமாக இல்லை. ஈரான் மீதான தடைகள் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்களில் இருப்பவை. 2015 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஒபாமா அந்தச் சட்டங்களை ரத்து செய்யவில்லை, ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கு இல்லை. சட்டமே கொடுத்த விலக்கு அதிகாரத்தைப் பயன்படுத்தித் தடைகளை நிறுத்தி மட்டும் வைத்தார். சட்டத்துக்குச் சட்டம் 120 நாள், 180 நாள் என்று அந்த விலக்கைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ட்ரம்ப்பும் முதல் ஒரு வருடம் முணுமுணுத்துக்கொண்டே புதுப்பித்தார், கடைசியாக 2018 ஜனவரி 12. அடுத்த கெடு மே 12. மே 8 அன்று, இனிப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தார். வேலையை முடித்தது, போடாமல் விட்ட ஒரு கையெழுத்து.

ஈரான் ஒப்பந்தப்படி நடந்துகொள்கிறது என்று 2017 ஏப்ரலிலும் ஜூலையிலும் நாடாளுமன்றத்துக்குச் சான்று கொடுத்ததும் இதே ட்ரம்ப் அரசுதான். அவருடைய குறை ஈரான் மீறியது என்பதில்லை, ஒப்பந்தமே மோசம் என்பது. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. முக்கியமான கட்டுப்பாடுகள் 10, 15 ஆண்டுகளில் காலாவதியாகும். ஏவுகணைகள் ஒப்பந்தத்துக்குள் வரவில்லை. ஹிஸ்புல்லா போன்ற அமைப்புகளுக்குப் போகும் பணமும் வரவில்லை. இதை ட்ரம்ப்பை எதிர்க்கும் நண்பர்கள் ஒத்துக்கொண்டால் விவாதம் கொஞ்சம் உருப்படும்.

இனி, அமெரிக்கா தடை போட்டால் அமெரிக்கரே அல்லாத ஒருவர் ஏன் பயப்பட வேண்டும்? நம் மணலியில் இருந்தே பார்க்கலாம். சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தில் பெரும்பங்கு இந்தியன் ஆயிலுடையது. பலருக்குத் தெரியாத விஷயம், அதில் 15.4 சதவீதப் பங்கு ஈரான் அரசு எண்ணெய்த் துறையைச் சேர்ந்த நாஃப்டிரான் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. ஈரானே பங்குதாரர், ஈரான் எண்ணெயைச் சுத்திகரித்துப் பழகிய ஆலை. அப்போது ஈரான் நமக்கு 60 நாள் கடனும் கப்பல் வாடகையில் சலுகையும் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனாலும் 2018 ஜூலையிலேயே செய்தி வந்துவிட்டது: அக்டோபர் முதல் ஈரான் எண்ணெயை நிறுத்தப் போகிறார்கள். காரணம் டெல்லியின் உத்தரவோ வாஷிங்டனின் மிரட்டலோ இல்லை, ஆலையின் காப்பீடு. ஈரான் எண்ணெயைச் சுத்திகரிப்பதால் வரும் எந்தப் பொறுப்பும் புதிய பாலிசியில் சேராது என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லிவிட்டது. இந்தியக் காப்பீட்டு நிறுவனம் இவ்வளவு பெரிய ஆபத்தைத் தனியாகச் சுமக்காது, அதை வெளிநாட்டு மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் பங்கு பிரித்துவிடும். ஈரானோடு தொடர்பு வைத்தால் அமெரிக்கா தன் சந்தைக் கதவைச் சாத்திவிடும், அந்த நிறுவனங்களுக்கோ அமெரிக்கச் சந்தை வேண்டும். எந்த நேரமும் தீப்பிடிக்கக்கூடிய சரக்கை வைத்துக்கொண்டு ஒரு சுத்திகரிப்பு ஆலை காப்பீடு இல்லாமல் ஒருநாள்கூட ஓட முடியாது.

இதே சங்கிலிதான் எல்லா இடத்திலும். உலகக் கடல் கப்பல்களின் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்புக் காப்பீடு தருவது கப்பல் முதலாளிகள் சேர்ந்து நடத்தும் ஒரு சில சங்கங்கள். அவை விலகினால் ஈரான் தன் சொந்தக் கப்பலில், சொந்தக் காப்பீட்டில் கொண்டுவந்து இறக்க வேண்டும். இறக்கினாலும் காசு எப்படிக் கொடுப்பது? டாலர் பரிமாற்றம் ஏதோ ஒரு கட்டத்தில் நியூயார்க் வங்கி ஒன்றின் கணக்கு வழியாகப் போகும். அங்கே சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2014இலேயே பாடம் இருந்தது. பிரான்ஸின் பிஎன்பி பாரிபா வங்கி சூடான், ஈரான், கியூபா பரிமாற்றங்களுக்காக சுமார் 890 கோடி டாலர் அபராதம் கட்டியது, அதுவும் ஒபாமா காலத்தில். கருவி ட்ரம்ப் கண்டுபிடித்ததில்லை. கூட்டாளி நாடுகள் கையைப் பிடித்துக் கெஞ்சியும் கேட்காமல் அதே கருவியை அவர்கள் மீதும் திருப்பியதுதான் அவர் புதிதாகச் செய்தது.

ஐரோப்பா சும்மா இருக்கவில்லை. அமெரிக்கத் தடைக்கு எங்கள் நிறுவனங்கள் கீழ்ப்படியக் கூடாது என்று 1996இல் எழுதி வைத்திருந்த தடுப்புச் சட்டத்தைத் தூசி தட்டி 2018 ஆகஸ்ட் 7இல் ஈரானுக்கும் நீட்டித்தது. என்ன பயன்? பிரான்ஸின் டோட்டல் நிறுவனம் ஈரானின் தெற்கு பார்ஸ் எரிவாயு வயலில் 11ஆம் கட்டத்தில் 50.1 சதவீதப் பங்கு வைத்திருந்தது. தன் நிதிப் பரிவர்த்தனைகளில் 90 சதவீதத்துக்கு மேல் அமெரிக்க வங்கிகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வெளியேறியது. ஏர்பஸ் ஐரோப்பிய நிறுவனம்தான், ஆனால் விமானத்தின் மதிப்பில் 10 சதவீதத்துக்கு மேல் அமெரிக்கப் பாகம் இருந்தால் ஈரானுக்கு விற்க அமெரிக்க நிதித்துறையின் உரிமம் வேண்டும். ஈரான் ஏர் கேட்டது 100 விமானம், கைக்கு வந்தது மூன்று. டாலரைத் தொடாமல் வணிகம் செய்ய இன்ஸ்டெக்ஸ் என்று பாரிஸில் ஒரு ஏற்பாட்டை 2019 ஜனவரியில் தொடங்கினார்கள். முதல் பரிமாற்றம் நடக்கவே 2020 மார்ச் ஆனது, அதுவும் மருத்துவப் பொருள். 2023இல் கடையை மூடிவிட்டார்கள்.

"உணவுக்கும் மருந்துக்கும் விலக்கு உண்டே" என்று ட்ரம்ப் ஆதரவாளர்கள் எழுதுவார்கள். சட்டத்தில் உண்டு. ஆனால் அந்த விலக்கை நம்பிப் பணம் அனுப்ப ஒரு வங்கி முன்வர வேண்டும். சில லட்சம் டாலர் மருந்து பில்லில் கிடைக்கும் கமிஷனுக்காகக் கோடிக்கணக்கில் அபராத ஆபத்தை எந்த வங்கி ஏற்கும்? தடை எழுதப்பட்ட எல்லையைத் தாண்டி வேலை செய்வது இப்படித்தான். எழுதுகிறவர்களுக்கும் இது நன்றாகவே தெரியும்.

இந்தியாவுக்கு ஒரு மாற்றுவழி இருந்தது, யூகோ வங்கி. அமெரிக்காவில் கிளை இல்லாத அரசு வங்கி என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஆலைகள் எண்ணெய்க்கான ரூபாயை அங்கே ஈரானின் கணக்கில் கட்டும், ஈரான் அந்த ரூபாயில் பாசுமதியும் தேயிலையும் மருந்தும் வாங்கிக்கொள்ளும். 2018 நவம்பரில் இந்தியா, சீனா உட்பட எட்டு நாடுகளுக்கு ஈரான் எண்ணெயைத் தொடர்ந்து வாங்க 180 நாள் சலுகை கிடைத்தது. (சலுகை வராது என்று நம்பி சவுதி உற்பத்தியை ஏற்றி வைத்திருந்தது. அக்டோபர் தொடக்கத்தில் 86 டாலரைத் தொட்ட பிரென்ட் எண்ணெய் டிசம்பரில் 50 பக்கம் விழுந்தது. ரியாத்தில் அன்று திட்டியது ஈரானை மட்டும் இருக்காது.) 2019 மே 2இல் சலுகை முடிந்தது, இந்தியா வாங்குவதை நிறுத்தியது. எண்ணெய் நின்றால் கணக்கில் ரூபாய் ஊறாது. விளைவு, ஹரியானா பாசுமதி வியாபாரிக்கு ஈரானிலிருந்து வரவேண்டிய பணம் இழுத்தடித்தது. அரிசிக்குத் தடையே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

இலங்கைக் கதை இன்னும் விசித்திரம். சபுகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை ஈரானின் லைட் வகைக் கச்சா எண்ணெய்க்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஈரானிடம் முன்பு வாங்கிய எண்ணெய்க்கு 25.1 கோடி டாலர் பாக்கி, கொடுக்க வழியில்லை. கடைசியில் 2021 டிசம்பரில், மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புக்குத் தேயிலையாகக் கழிப்பது என்று முடிவானது. பெட்ரோலியக் கூட்டுத்தாபனம் உள்ளூர் ஏற்றுமதியாளருக்கு ரூபாய் கொடுக்கும், தேயிலை ஈரானுக்குப் போகும், எந்த வங்கி வழியாகவும் டாலர் போகாது. கணக்குப் போட்டால் கடன் அடைய நாலு வருடத்துக்கு மேல். மலையகத் தோட்டத்தில் பறிக்கும் கொழுந்து பழைய எண்ணெய்க் கடனைக் கட்டுகிறது, வாஷிங்டன் உத்தரவுகளின் வால் அவ்வளவு நீளம்.

சரி, இவ்வளவும் செய்து ட்ரம்ப் கேட்டது கிடைத்ததா? அவருடைய அளவுகோலிலேயே பார்ப்போம். ஈரானின் எண்ணெய் ஏற்றுமதி நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பீப்பாயிலிருந்து 5 லட்சத்துக்கும் கீழே போனது. வலி கொடுப்பதுதான் இலக்கு என்றால் முழு வெற்றி. அணுகுண்டைத் தடுப்பது இலக்கு என்றால் யுரேனியத்தைப் பார்க்க வேண்டும். யுரேனியத்தில் குண்டுக்கு உதவும் வகையின் பங்கைக் கூட்டுவதுதான் செறிவூட்டல். ஒப்பந்தப்படி அதன் உச்சவரம்பு 3.67 சதவீதம், இருப்பு 300 கிலோ. 2015 டிசம்பரில் சுமார் 11 டன் செறிவூட்டிய யுரேனியம் கப்பலேறி ரஷ்யாவுக்குப் போனது. அராக் அணுஉலையின் மையப்பகுதியில் கான்கிரீட் ஊற்றினார்கள். ட்ரம்ப் விலகிய பிறகும் ஈரான் ஒரு வருடம் பொறுத்தது. 2019 ஜூலையில் 300 கிலோவைத் தாண்டியது, 2021 ஜனவரியில் 20 சதவீதம், ஏப்ரலில் 60 சதவீதம். 2025 ஜூனில் போர்டோ, நதான்ஸ், இஸ்பஹான் அணு மையங்கள் மீது அமெரிக்கா குண்டு போட்ட நேரத்தில், சர்வதேச அணுசக்தி முகமையின் மதிப்பீட்டில் 60 சதவீதச் செறிவில் மட்டும் சுமார் 440 கிலோ இருந்தது. அதே முகமையின் அளவுகோலில், மேலும் செறிவூட்டினால் ஒரு குண்டுக்குச் சுமார் 42 கிலோ போதும்.

இந்தச் சதவீதங்களை நேர்கோட்டில் படித்து ஏமாறாதீர்கள். 90 சதவீதம்தான் குண்டுத் தரம், 60க்கு வந்தால் மூன்றில் இரண்டு பங்கு தூரம் என்று ஒரு கமெண்டில் வரும். இயற்கை யுரேனியத்தில் தேவையான வகை 0.7 சதவீதம்தான். வேண்டாததைக் கழிப்பதில்தான், சுழற்றிப் பிரிக்கும் இயந்திரங்களான மையவிலக்கிகளின் உழைப்பெல்லாம் போகிறது, அதில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே. 4 சதவீதத்துக்கு வரும்போதே மொத்த உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிடும், 20இல் பத்தில் ஒன்பது. 60க்கு மேல் மிச்சம் இருப்பது கொசுறு. அதனால்தான் 3.67 என்ற அந்த அற்ப எண்ணுக்காக 2015இல் வியன்னாவில் அவ்வளவு நாள் உட்கார்ந்து பேரம் பேசினார்கள்.

ஆதரவாளர்கள் தவறாமல் வீசும் ஒன்று: "ஒபாமா ஈரானுக்கு 150 பில்லியன் கொடுத்தார், விமானத்தில் பணக்கட்டு அனுப்பினார்." முதலாவது ஈரானின் சொந்தப் பணம், வெளிநாட்டு வங்கிகளில் முடக்கி வைத்திருந்தது. அதிலும் ஈரான் உண்மையில் எடுக்கக்கூடியது 50 பில்லியனைச் சுற்றித்தான் என்பது அமெரிக்க நிதித்துறையின் கணக்கு. பணக்கட்டு மட்டும் உண்மை. மன்னர் ஷா ஆண்ட காலத்தில் ஆயுதத்துக்கு ஈரான் கட்டி, ஆயுதம் போகாமல் நின்ற 40 கோடி டாலர், அதற்கு வட்டி 130 கோடி. அந்த 40 கோடி 2016 ஜனவரியில் யூரோவாகவும் சுவிஸ் பிராங்காகவும் விமானத்தில் போனது. ஈரான் பிடித்து வைத்திருந்த அமெரிக்கக் கைதிகள் கிளம்பும்வரை அதை நிறுத்தி வைத்திருந்தோம் என்று பின்னர் வெளியுறவுத் துறையே ஒத்துக்கொண்டது. ஒபாமா ரசிகர்கள் இந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு எழுதுவார்கள்.

எதிர்ப்பாளர்கள் தவறாமல் வீசுவது: "சர்வதேச உடன்படிக்கையை மீறிய சட்டவிரோதி." ஐ.நா. தீர்மானம் 2231 அந்த ஒப்பந்தத்துக்குப் பின்னால் இருந்தது உண்மை. அதை வைத்து விலகலைக் கண்டிக்கலாம். ஆனால் அமெரிக்கச் சட்டப்படி அது உடன்படிக்கையே இல்லை. உடன்படிக்கை என்றால் நாடாளுமன்ற மேலவையான செனட்டின் 100 பேரும் வாக்களிக்கும்போது 67 பேர் ஆதரவு வேண்டும். ஒபாமா அதைக் கேட்கவே இல்லை, கேட்டால் கிடைக்காது என்று தெரியும். 2015 செப்டம்பரில் ஒப்பந்தத்தை நிராகரிக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர 60 பேர் தேவைப்பட்டார்கள். 58 பேர்தான் கை தூக்கினார்கள். எதிர்த்து நின்ற 42 பேரின் தயவில் பிழைத்தது அந்த ஒப்பந்தம்.

பைடன் வந்து 2021 ஏப்ரலில் வியன்னாவில் மறுபடி பேச்சு தொடங்கியபோது ஈரான் கேட்டதும் இதையே சுற்றித்தான்: அடுத்து வருகிறவர் விலக மாட்டார் என்று எழுதிக் கொடுங்கள். பைடன் கண்ணியமாகப் பேசுகிறவர், நள்ளிரவில் பெரிய எழுத்தில் ட்வீட் போடாதவர். அவராலும் எழுதிக் கொடுக்க முடியவில்லை. செனட்டில் அவர் கட்சிக்கு இருந்தது 50 இடம்.