ஸ்டூல் வந்தது, யாரும் உட்காரவில்லை

மேலாளரின் அறைக் கதவு திறந்தே இருந்தால் ஊழியர்களின் குறைகள் தானாக வந்துசேரும் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் மேற்பார்வையாளராக இருந்தவன் சொல்கிறேன், வராது. எங்கள் கடையில் அந்த அறைக்குள் ஒரு பெண் போய்விட்டு வந்தாலே, "யாரைப் பற்றிப் போட்டுக்கொடுத்தாய்?" என்றுதான் மற்றவர்கள் கேட்பார்கள்.

2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றார்கள். (கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் போராடியதால் கேரளத்தில் இது 2018-லேயே வந்துவிட்டது.) எங்கள் கடையிலும் ஸ்டூல்கள் வாங்கிப் போட்டோம். ஒரு மாதம் ஆகியும் யாரும் உட்காரவில்லை. நின்றே பழகிவிட்டார்கள் போல என்று முதலாளி சொன்னார். நானும் நம்பினேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்புறம் ஒருநாள் டீ குடிக்கும்போது சேலைப் பிரிவுப் பெண் ஒருத்தி சொன்னாள்: "அண்ணே, உட்கார்ந்தா வர்ற கஸ்டமரை பக்கத்துல நிக்கிறவ கூட்டிட்டுப் போயிடுவா. இன்சென்டிவ் யாருக்குப் போகும்?" அவ்வளவுதான் விஷயம். வாடிக்கையாளரை வரிசை முறைப்படி பிரித்துக்கொடுக்க ஆரம்பித்தோம், ஸ்டூலுக்கு வேலை வந்தது.

20 ஊழியர்களோ அதற்கு மேலோ இருந்தால், முதலாளி தரப்பும் ஊழியர் தரப்பும் சம எண்ணிக்கையில் உட்காரும் குறைதீர்க் குழு வேண்டும் என்று 2010-லேயே தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்த்தார்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே, ஏன்?