ஒரே கொடியாம், ஒரே கையாம்!

அந்த மூன்று கட்டப் படத்தை இனி யாரும் எனக்கு அனுப்பாதீர்கள். இந்தோனேசியா, நேபாளம், மடகாஸ்கர் என்று மூன்று நாடுகளில் இளைஞர்கள் தெருவில் இறங்கிய போராட்டங்கள். மூன்றிலும் தொப்பி போட்ட மண்டையோட்டுக் கொடி. கீழே சிவப்பு எழுத்தில், 'பின்னால் இருப்பது ஒரே கை!' அதாவது, எல்லாம் வெளிநாட்டுச் சதியாம். நேற்று குடும்பக் குழுவில் மாமா இதைப் போட்டபின் நடந்த கூத்து இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

கொடி ஒன்றுதான். கோபமும் ஒன்றா? 2025-இல் இந்தோனேசியாவில் எம்.பி.க்களுக்கு மாதம் 5 கோடி ரூபியா வீட்டுப்படி; கொதித்தார்கள். நேபாளத்தில் தலைவர்களின் பிள்ளைகள் சொகுசாகத் திரியும் வீடியோக்கள். போதாக்குறைக்கு அரசு 26 சமூக ஊடகங்களை முடக்கியது. மடகாஸ்கரில் குழாயில் தண்ணீர் இல்லை, வீட்டில் கரண்ட் இல்லை. தண்ணீர் வராததையும் வெளிநாட்டுக்காரன் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கொடி போனில் வந்தது, அவ்வளவுதான். 'ஒன் பீஸ்' என்ற ஜப்பானிய காமிக்ஸில் வரும், வைக்கோல் தொப்பி போட்ட கடற்கொள்ளையர் கொடி அது; அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். ஜகார்த்தாவில் ஒருவன் பிடித்ததைக் காத்மாண்டுவில் ஒருத்தி பார்க்கிறாள். மடகாஸ்கர்க்காரர்கள் அந்த வைக்கோல் தொப்பியையும் கழற்றிவிட்டு, மண்டையோட்டுக்குத் தங்கள் ஊர்த் தொப்பியை மாட்டினார்கள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

'வெளிநாடுகள் தலையிடுவதே இல்லையா?' என்பீர்கள். தலையிடும், சரி. அதற்கு ஆதாரம் காட்டுங்கள். கொடி ஆதாரமில்லை. இணையத்தை முடக்கும் வித்தையைப் பல அரசுகள் ஒரே மாதிரி செய்கின்றனவே, அதற்குப் பின்னால் எந்தக் கை என்று யாராவது படம் போட்டீர்களா?

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது? 2017 ஜனவரியில் மெரினாவில் நடந்த ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நானும் இருந்தேன். இருட்டில் எல்லோரும் போன் டார்ச்சைத் தூக்கிப் பிடித்தோம். இதற்கு முன் வேறெங்கோ, யாரோ பிடித்ததுதான். ஏதோ வீடியோவில் பார்த்திருப்போம். ஒன்பது மணிக்கெல்லாம் என் போனில் சார்ஜ் தீர்ந்துபோனது. வெளிநாட்டுக் கை ஒரு பவர் பேங்காவது கொடுத்திருக்கலாம். கடைசியில் எங்களையும் அதையேதான் சொன்னார்கள்: தேசவிரோதிகள் புகுந்துவிட்டார்களாம், யாரோ ஆட்டுவிக்கிறார்களாம். நானாகப் பஸ் ஏறிப் போனவன். அதை இன்றுவரை சிலருக்குப் புரியவைக்க முடியவில்லை.

நேற்று மாமாவும் எழுதினார்: 'மெரினாவும் அப்படித்தான், உனக்கென்ன தெரியும்.'

மாமா, மூன்றாம் நாள் காலையில் அத்தையை எழுப்பி இட்லி அவிக்கச் சொல்லி, நாற்பது பொட்டலம் கட்டி, என் கையில் கொடுத்து அனுப்பியது நீங்கள். அந்த அரிசி யார் வாங்கிக் கொடுத்தது?